இனிஷியலாகிப் போனவர்

காலையில் பூன் லேயில் ரயில் ஏறினால் எனக்கு உட்கார இடம் கிடைத்துவிடும். அதுதான் வம்பு. உட்கார்ந்தால் கண் சொருகும், கண் சொருகினால் அலுவலகம் உள்ளே வந்துவிடும். மற்றவர்களுக்குக் கனவில் கடல் வரும், பாம்பு வரும் என்கிறார்கள். எனக்கு வருவது டெண்டர் ஆவணத்தின் பத்திகள்தான். நாலு புள்ளி இரண்டு, நாலு புள்ளி மூன்று என்று எண்களை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக ரயிலில் ஏறி எதிர் வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்க்கும். ஏதாவது ஒன்றில் பிழை இருந்தால் அது மட்டும் வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அப்படித் திருப்பிக்கொண்ட ஒன்றை நான் கவனிக்காமல் விட்டதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். இதில் யார் பெயரையும் எழுதப்போவதில்லை. பெயர்களோடு நான் பட்டது போதும்.

அரசு சார்ந்த ஓர் அலுவலகத்தில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். மருத்துவமனைகளுக்கு வேண்டியதை யாரிடமிருந்து, என்ன நிபந்தனையோடு வாங்குவது என்று எழுதுகிற வேலை. கையுறை வாங்கியிருக்கிறேன், கட்டில் வாங்கியிருக்கிறேன், பிணவறைக்குக் குளிர்பெட்டிகூட வாங்கியிருக்கிறேன். சொல்லிக்கொள்ளும்படியான வேலையில்லை. கல்யாண வீடுகளில் என்ன வேலை என்று கேட்டால் "ஆபீஸ்ல" என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

ஆனால் அந்த ஒரு டெண்டர்மேல் மட்டும் எனக்கு ஆசை வந்துவிட்டது. சீருடைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கான சின்னத் திட்டம் ஒன்று இருந்தது. அவர்களில் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று தெரிந்தவர்களுக்கு ஒரு மரபணுச் சோதனை செய்துகொடுக்க வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றை ஒப்பந்தம் செய்ய வேண்டும். எதற்கு அந்தச் சோதனை என்று குழுவில் இருந்த மருத்துவர் எனக்காகப் பொறுமையாகச் சொன்னார். இந்தப் புற்றுநோய்கள் எல்லாமே ஒரே அவசரத்தில் இல்லையாம். சிலது வருஷக்கணக்காகச் சும்மா கிடக்கும், கண்காணித்துக்கொண்டே இருந்தால் போதும். சிலது பரவக் கிளம்பிவிடும், உடனே வெட்டியாக வேண்டும். வெறும் நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டும் சில சமயம் ஒன்றுபோலவே தெரியும். கட்டியின் மரபணுக்களைப் படித்தால், இது எந்த வகை என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

அதற்கு ஊசியில் எடுத்த திசுவை மெழுகில் பதித்து விமானத்தில் அனுப்ப வேண்டும். அதைக் கேட்டதிலிருந்து நான் ரயிலில் வேறொன்றும் நினைக்கவில்லை. மனிதர் இங்கே தேக்கா சந்தையில் கீரைக்கட்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவருடைய ஒரு துணுக்கு மெழுகுக்குள் உட்கார்ந்து கடலுக்கு மேலே மேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அதற்குப் பசி இல்லை, பயம் இல்லை, ஜன்னலோர இருக்கை இல்லை. மிச்சமிருக்கும் திசுவைத் திருப்பி அனுப்பியே ஆக வேண்டும் என்று ஒரு பத்தியை நானே எழுதிச் சேர்த்தேன். ஆய்வகமே வைத்துக்கொண்டால் என்ன என்று என் மேலதிகாரி கேட்டார். போனவர் ஊர் திரும்ப வேண்டாமா என்றேன். அவர் சீனப் பெண்மணி, நல்லவர். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பத்தியில் அத்தனை கவனம். கடைசியில் இருந்த பின்னிணைப்பை மட்டும் பழைய டெண்டர் ஒன்றிலிருந்து எடுத்து அப்படியே ஒட்டினேன். மாதிரிகளோடு போகும் படிவத்தில் என்னென்ன கட்டங்கள் இருக்க வேண்டும் என்ற பட்டியல் அது. யார் அதையெல்லாம் உட்கார்ந்து படிப்பார்கள்? நானே படிக்கவில்லை.

ஒப்பந்தம் முடிந்து சில மாதங்கள் போயின. ஒரு நாள் மதியம் அத்தானிடமிருந்து போன் வந்தது. அக்காவின் கணவர். படையில் முழுநேரமாக இருந்து வாரண்ட் ஆபீசராக ஓய்வு பெற்றவர். ஜாலான் புசார் பக்கம் வீடு. என் அலுவலகம் ஃபேரர் பார்க்கில் என்பதால், எப்போதாவது மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவார். அன்றைக்குச் சாப்பிடக் கூப்பிடவில்லை. சமையலறைக் குழாய்க்கு வாஷர் வாங்க வேண்டும், கூட வா என்றார். வாஷர் வாங்கத் துணை தேடுகிற ஆள் இல்லை அவர். நான் போனேன்.

ஜாலான் புசாரின் ஹார்ட்வேர் கடைகளில் வெயில் உள்ளே வராது. திருகாணிகள் டப்பா டப்பாவாக மங்கலாக மின்னிக்கொண்டிருக்கும். அத்தான் ஒவ்வொரு வாஷராக எடுத்துச் சுண்டுவிரலில் மாட்டிப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஒரு சின்ன விஷயம்மா. ஒங்கக்கா சொல்லியிருப்பா."

"ஒண்ணும் சொல்லலியே அத்தான்."

"சொல்லாதன்னேன். கேட்டுட்டா போலிருக்கு. அதிசயந்தான்." வாஷரைக் கழற்றி டப்பாவில் போட்டார். "புராஸ்டேட்ல கான்சர். ரெண்டுங்கெட்டான் கேஸுன்னு டாக்டர் சொல்றாரு. ஓவர்சீஸுக்கு சாம்பிள் அனுப்பியிருக்காங்க. அது உக்காந்திருக்கா இல்ல மார்ச் பண்ணுதான்னு அவங்க சொல்லிடுவாங்களாம். உக்காந்திருந்தா உக்காந்துட்டுப் போவுது. மார்ச் பண்ணுச்சுன்னா ஆபரேஷன். அடுத்த மாசம் கடைசி வெள்ளி, டேட்டும் குடுத்துட்டாங்க."

எனக்கு முதலில் பயம்தான் வந்தது. அதற்குப் பின்னாலேயே, சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு பெருமை வந்தது. என் டெண்டர். அத்தானின் துணுக்கு என் பத்திகளின்மேல் ஏறிப் பறந்துகொண்டிருக்கிறது. அதை வெளியில் சொல்லக் கூடாது, சொல்லவும் இல்லை. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"பத்து வேலை நாள்ல ரிப்போர்ட் வந்துரும் அத்தான். அதுக்கு மேல போவாது."

"ஷுவரா?"

"ஷுவர்."

தலையாட்டினார். படையில் இருந்தவரிடம் நாள் கணக்குச் சொல்வது எப்படிப்பட்ட காரியம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பெர்த்தில் வேலை பார்க்கும் மகனுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "அவனுக்கு எதுக்கு லா? அவன் பொழப்ப அவன் பாக்கட்டும்" என்றார். பிறகு வாஷருக்குக் காசு கொடுத்துவிட்டு வெயிலில் இறங்கி நடந்தார். முதுகு எப்போதும்போல நிமிர்ந்தே இருந்தது.

பத்து வேலை நாள் ஆனது. பதினைந்தும் ஆனது. நான் கேட்கவில்லை. வந்திருக்கும், நல்ல செய்தியாக இருக்கும், அதனால்தான் பேச்சில்லை என்று நினைத்துக்கொண்டேன். என் சுபாவம் அது. எதையும் நல்லதாக நினைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கிவிடுவேன்.

அக்கா போன் செய்தாள். குரல் கம்மியிருந்தது.

"ஆபரேஷன் டேட்ட கேன்சல் பண்ணப் போறாராண்டி. ரிப்போர்ட் வரலன்னா ஒண்ணுமில்லன்னுதானே அர்த்தம்ங்கிறாரு. பத்து நாள்ல வரும்னு நீ சொன்னியாமே? வரல, அப்ப விஷயம் இல்ல, விஷயம் இருந்தா கூப்பிட்டிருப்பாங்கன்னு பிடிச்ச பிடியா நிக்கிறாரு."

"டாக்டர்கிட்ட கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டோம். வெயிட் பண்ணுங்கன்னாங்க. மனுஷன் வெயிட் பண்ணி முடிச்சுட்டாராம். திங்கக்கெழம போன் பண்ணி வேணாம்னு சொல்லிடப் போறாரு."

அன்று வியாழக்கிழமை. போனை வைத்துவிட்டு ஆய்வகம் அனுப்பியிருந்த மாத அறிக்கையைத் திறந்தேன். எல்லாம் பச்சை. எல்லா மாதிரிகளும் உரிய நாளில் முடிந்திருந்தன. பச்சையைப் பார்த்தால் எனக்கு நிம்மதி வரும், ஆகவே முதல் தடவை அப்படியே மூடிவிட்டேன். பிறகு என்னவோ உறுத்தித் திரும்பத் திறந்தேன். கீழே, கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன எழுத்தில் ஒரு வரி. நிறுத்திவைக்கப்பட்ட மாதிரிகள் ஏழு, அவற்றுக்கு நாள் கணக்கு இன்னும் தொடங்கவில்லை. காரணம், பெயரில் ஏற்க முடியாத குறி.

என்ன குறி? ஏழு பேருக்கும் பெயர் இல்லை, வெறும் எண்கள். நான் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அலுவலகத்தின் சத்தமெல்லாம் தண்ணீருக்கு அடியில் கேட்பதுபோல் விலகிப் போனது. கை தானாகப் பர்ஸைத் திறந்து அடையாள அட்டையை எடுத்தது. என் பெயர், அதற்குப் பின்னால் டி, ஒரு சாய்கோடு, ஓ, அதன்பின் அப்பா பெயர். இன்னாருடைய மகள் என்று அர்த்தம். ஆண்களுக்கு டிக்குப் பதில் எஸ், இன்னாருடைய மகன். இந்த ஊர்த் தமிழர்களில் முக்கால்வாசிப் பேர் இந்தச் சாய்கோட்டோடு பிறந்து சாய்கோட்டோடு போகிறவர்கள்.

பின்னிணைப்பைத் திறந்தேன். குடும்பப் பெயர், சொந்தப் பெயர், எழுத்துகள் மட்டும், வேறு குறிகள் கூடாது. நான் ஒட்டியது.

வேறு யாராவது இதை எழுதியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். விமான டிக்கெட்டில் என்னை என் அப்பா பெயரால் கூப்பிட்டிருக்கிறார்கள். வங்கியில் சாய்கோட்டை விழுங்கிவிட்டு "டோ" என்று ஒரு நடுப்பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஒரு கவுன்டரில் அரை மணி நேரம் நின்று சண்டை போட்டிருக்கிறேன், எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, அப்பா பெயர் அப்பாவுடையது என்று. அப்படிப்பட்டவள் கையாலேயே ஏழு மனிதர்களின் துணுக்குகள் வெளிநாட்டில் ஒரு குளிர்ந்த அறையில் கூப்பிடுவாரில்லாமல் உட்கார்ந்திருந்தன. எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாக என்மேல் எரிச்சல் வந்தது.

மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஆய்வகத்தின் கணினியை மாற்ற மாதங்கள் ஆகும், அதுவரை அவர்கள் கட்டத்துக்கு ஏற்ற மாதிரி நாம் பெயரைப் பிரித்துக் கொடுப்போம் என்றார். ஆய்வகத்தோடு பேசினோம். சாய்கோட்டுக்குப் பிறகு வருவது குடும்பப் பெயராகும். அதற்கு முன்னால் இருப்பது சொந்தப் பெயர், அறிக்கையில் அதற்கு முதல் எழுத்து மட்டும்தான் வரும். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று நோயாளி ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். கிளினிக்கிலிருந்து ஏழு பேரையும் கூப்பிடுவார்கள், நீ நோயாளிகளோடு பேசக் கூடாது என்றும் மேலதிகாரி நினைவுபடுத்தினார்.

நோயாளியோடு பேசக் கூடாதுதான். அக்கா வீட்டுக்குப் போகக் கூடாது என்று எந்தப் பத்தியிலும் இல்லை. அன்று மாலையே போனேன்.

அத்தான் சமையலறையில் குழாயைப் பிரித்துப் போட்டிருந்தார். வாங்கிய வாஷர் சரியில்லையாம்.

"டேட்ட கேன்சல் பண்ணாதீங்க அத்தான்."

"ஒங்கக்கா அனுப்புனாளா?"

"இல்ல. ரிப்போர்ட் வராததுக்கு ஒண்ணுமில்லன்னு அர்த்தமில்ல. ஒங்க சாம்பிள அவங்க தொட்டே இருக்க மாட்டாங்கன்னு நெனக்கிறேன்."

ஸ்பேனரைக் கீழே வைத்தார். "ஏன்?"

"ஒங்க பேர்ல எஸ் ஸ்லாஷ் ஓ இருக்குல்ல. அந்த ஸ்லாஷ அவங்க ஃபார்ம் எடுக்கல."

"எந்த மடையன் எழுதுன ஃபார்ம் அது?"

"நான்தான்."

குழாயிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா அடுப்பை அணைத்தாள். "எப்பப் பாரு கனாக் கண்டுட்டே இருப்பா. சின்ன வயசுலேருந்து இதேதான்" என்றாள். அவள் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள்.

அத்தான் என்னையே பார்த்தார். "ஒன் பேர்ல இல்லியா அது?"

"இருக்கு அத்தான்."

"இருந்துமா?"

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அது தரையில் கிடந்த அந்தப் பழைய வாஷர் அளவுகூட உதவவில்லை. அவர் எழுந்து கை கழுவப் போய், குழாய் பிரிந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, ஈரக் கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார்.

"கோவமாத்தான் இருக்கு" என்றார். "பத்து நாள்னு நீ சொன்னத நம்பித்தான் நிம்மதியா தூங்கிட்டிருந்தேன். சரி. கேன்சல் பண்ணல. ரிப்போர்ட் வரட்டும். ஆனா வர்ற வரைக்கும் நீ வாயத் தொறந்து நாள் கணக்கு சொல்லாத."

மறுநாள் கிளினிக்கிலிருந்து கூப்பிட்டார்கள். போய்க் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எனக்குச் சரியாக நினைவில்லை. மதியங்களில் சாப்பிடாமல் நடந்துகொண்டிருந்தேன். ஃபேரர் பார்க்கிலிருந்து ரேஸ் கோர்ஸ் சாலை வழியாக நடப்பேன், மல்லிகைக் கடைகளைத் தாண்டுவேன், மழை வந்தால் கடைகளின் முன்னால் கூரை போட்ட ஐந்தடி நடைபாதையில் ஒதுங்குவேன். ஞாயிறுகளில் ஊரிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் பையன்களால் நிரம்பி வழியும் திடல் ஒன்று வேலை நாட்களில் வெறும் புல்லாகக் கிடக்கும். அதன் ஓரத்தில் நின்றால் எல்லாச் சத்தமும் தூரத்தில் போய்விடும். அங்கே நின்று மெழுகுத் துணுக்குகளை நினைத்துக்கொள்வேன். ஒரு நீள அறை, சுவரோரம் பெஞ்சு, ஏழும் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. கதவு திறக்கிறது, யாரோ வெள்ளை அங்கி போட்டவர் ஒரு பெயரைக் கூப்பிடுகிறார். ஏழும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்கின்றன. அது அவர்களில் யாருடைய பெயரும் இல்லை, அவர்களுடைய அப்பாக்களின் பெயர். அந்தக் கனவில் யாராவது ஒருவர் எழுந்து போய்விட மாட்டாரா என்று தவிப்பாக இருக்கும். மழை விட்டதும் அலுவலகம் திரும்புவேன்.

ஆபரேஷன் தேதிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அக்கா கூப்பிட்டாள். வந்துவிட்டது, வீட்டுக்கு வா என்று மட்டும் சொன்னாள்.

நான் போனபோது மாலை வெயில் வரவேற்பறைத் தரையில் நீளமாகக் கிடந்தது. அத்தான் மேசையில் ஒரு தாளை வைத்து அதன்முன் உட்கார்ந்திருந்தார். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள்.

"மார்ச் பண்ணுது" என்றார்.

நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். என்னால் வீணாய்ப் போன வாரங்கள் எதையாவது கெடுத்திருக்குமா என்று கேட்க வந்தது. கேட்டேன்.

"அத நானும் டாக்டர்ட்ட கேட்டேன். இந்த நோய்ல கொஞ்ச வாரத்துக்குப் பெருசா ஒண்ணும் ஆயிருக்காதுன்னாரு. கேன்சல் பண்ணிட்டு வருஷக்கணக்கா வீட்ல உக்காந்திருந்தாத்தான் தப்பாயிருக்கும்னாரு." பிறகு தாளை என் பக்கம் திருப்பினார். "அத விடு. இதப் பாரு."

நோயாளியின் பெயர் என்ற இடத்தில் அவருடைய அப்பாவின் பெயர் பெரிய எழுத்தில் முழுசாக இருந்தது. அதை ஒட்டி ஒற்றை எழுத்து, புள்ளி. அதுதான் அத்தான். நம் வழக்கத்தில் அப்பாதான் இனிஷியலாக முன்னால் நிற்பார். இங்கே அப்பா முழுப்பெயராகிவிட்டார், மகன் இனிஷியலாகிப் போயிருந்தார்.

"மாத்தித் தரச் சொல்றேன் அத்தான்" என்றேன். "நாளைக்கே லெட்டர் போடுறேன்."

அவர் காதில் அது விழவில்லை. விரலால் அந்தப் பெயரின்மேல் மெதுவாகக் கோடு போட்டார்.

"அப்பாவுக்கு ஒண்ணுக்கு நின்னுபோச்சு. மூணு மாசம் பெட்ல கெடந்து, இடுப்பு எலும்பு வலின்னு கத்திக் கத்திப் போயிட்டாரு. என்னன்னு எங்களுக்குத் தெரியாது. வயசாயிருச்சுன்னாங்க, நாங்களும் சரின்னுட்டோம். நான் கேம்ப்ல இருந்தேன். அவருக்குன்னு ஒரு பேப்பரும் வரல." தாளைத் தூக்கிப் பிடித்தார். "இப்பத்தான் வந்திருக்கு. அவரு பேர்லயே."

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவர் அழவில்லை. தாளை நாலாக மடித்தார், திரும்பப் பிரித்தார், இன்னொரு முறை வாசித்தார். அந்தச் சோதனை பரம்பரையைப் பார்ப்பதில்லை, கட்டியை மட்டுந்தான் பார்க்கும் என்று எனக்குத் தெரியும், நான் வாங்கிய சோதனைதானே. ஆனால் அந்தத் தாளில் இருந்த இரண்டு பெயர்களும் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தன. அதை அத்தான் என்னைவிடச் சீக்கிரம் படித்துவிட்டார்.

"போன எடு" என்றார் அக்காவிடம்.

"யாருக்கு?"

"பெர்த்துக்கு."

அக்கா நம்பரைப் போட்டுக் கொடுத்தாள். மறுமுனையில் மகன் எடுத்தது எங்களுக்கும் கேட்டது. என்னப்பா, இந்த நேரத்துல, என்றான். அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒன் பேருக்குப் பின்னாடி நிக்கிற ஆளு பேசுறேன்" என்றார். "உக்காந்து கேளு."